பறக்கும் பறவை படத்தில் மங்குகிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி தாண்டினால் என் போனில் படங்கள் வந்து விழ ஆரம்பிக்கும். விடியற்காலையில் பள்ளிக்கரணைக்கோ வேடந்தாங்கலுக்கோ போய்வந்த நண்பர்கள் அனுப்புபவை. கூடவே ஒரு வரி இருக்கும்: "லென்ஸ்ல ஏதோ கோளாறு போலிருக்கு, கொஞ்சம் பாருங்களேன்." பார்த்தால் பெரும்பாலும் லென்ஸ் நன்றாகத்தான் இருக்கும். நானும் ஒரு காலத்தில் லென்ஸைத்தான் சந்தேகப்பட்டேன். நல்ல லென்ஸைச் சர்வீஸுக்கு அனுப்பி, மூன்று வாரம் கழித்து 'பழுது ஏதும் இல்லை' என்ற சீட்டோடு திரும்ப வாங்கினேன். அந்தக் கதை கடைசியில் வரும்.

ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலிலும் பணம் கேட்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். உங்கள் படத்துக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன் ஒரு சோதனை.

## முதலில் படத்தை 100 சதவீதத்தில் திறந்து பாருங்கள்

போனில் பார்க்க வேண்டாம். வாட்ஸ்அப் சுருக்கிய படத்தில் எல்லாமே கொஞ்சம் மங்கல்தான். கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் படத்தில் எங்கேயாவது, எதுவாவது கூர்மையாக இருக்கிறதா?

பின்னால் உள்ள நாணலோ தண்ணீரோ கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. எதுவுமே கூர்மையாக இல்லாமல், எல்லாம் ஒரே திசையில் இழுபட்டது போல இருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை, அதாவது ஒளி உள்ளே விழும் நேரம் நீண்டுவிட்டது. இழுபடவும் இல்லை, ஆனால் ஓரங்கள் தண்ணீருக்கடியில் பார்ப்பது போல நெளிகின்றன என்றால் அது கானல், சூடேறிய காற்றின் அலைவு. பறவை கூர்மையாகத்தான் இருக்கிறது, ஆனால் வெளுத்தோ கறுத்தோ போயிருக்கிறது என்றால் ஃபோகஸைத் தொடவே வேண்டாம், ஒளிக்கணக்கைப் பாருங்கள்.

இதைப் பார்க்காமல் மெனுவுக்குள் போனால் பத்து அமைப்புகளை மாற்றிவிட்டு, எது உதவியது என்று தெரியாமல் நிற்பீர்கள்.

## வியூஃபைண்டரில் பறவையே அகப்படவில்லை

கோளாறு என்று யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், வெட்கப்பட்டுக்கொண்டு விட்டுவிடுவார்கள். ஆனால் எல்லாருக்கும் இருக்கும் தொல்லை. கையை நீட்டி இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிடியுங்கள். அந்த விரல்கள் மறைக்கிற அளவு வானம்தான், ஏறக்குறைய 4 டிகிரி, 600 மி.மீ. லென்ஸில் தெரியும். கிராப் சென்சார் (முழு அளவைவிடச் சிறிய சென்சார்) என்றால் அதைவிடக் குறைவு.

ஜூம் லென்ஸா? 200இல் பறவையைப் பிடித்து, அதோடு ஓடிக்கொண்டே 600க்குப் போங்கள். கடைசிவரை ஜூம் செய்துவிட்டு வானத்தில் தேடுவதுதான் முக்கால்வாசிப் பேர் செய்யும் தப்பு.

ஜூம் இல்லாத லென்ஸா? கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காதீர்கள். முகத்தைக் கேமராவிடம் கொண்டுபோகாமல், கேமராவை முகத்துக்குக் கொண்டுவாருங்கள்.

பறவை அங்கேதான் இருக்கிறது, ஆனால் எல்லாம் ஒரே வெளுப்பு? லென்ஸின் ஃபோகஸ் மூன்று மீட்டரில் நிற்கும்போது வானத்தில் உள்ள பறவை கண்ணுக்கே தெரியாது. பறவை வரும் தூரத்தில் இருக்கும் மரத்தையோ கம்பத்தையோ ஒருமுறை ஃபோகஸ் செய்து வைத்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது எனக்கு இப்போது அனிச்சையாகிவிட்டது.

மிரர்லெஸ் கேமரா (உள்ளே தூக்கி இறக்கும் கண்ணாடி இல்லாதது) எழுந்திருக்கவே நேரம் எடுக்கிறதா? தானாக உறங்கும் நேரத்தைக் கூட்டிவிட்டு, இன்னொரு பேட்டரி எடுத்துப் போங்கள்.

பயிற்சிக்கு வேடந்தாங்கல் வேண்டாம். மொட்டை மாடியும் காகமும் போதும்.

## பின்னணி கூர்மை, பறவை மங்கல்

எனக்கு வரும் படங்களில் இந்த வகைதான் அதிகம். பறவை வானத்தில் இருக்கும்வரை சரியாக இருக்கும், மரவரிசைக்கோ நாணலுக்கோ முன்னால் வந்ததும் ஃபோகஸ் பின்னால் தாவிவிடும்.

1. லென்ஸில் உள்ள பொத்தான். சிரிக்காதீர்கள். பையில் இருந்து உருவும்போது ஏஎஃப் (தானாக ஃபோகஸ்) என்பது எம்எஃப் (கையால் ஃபோகஸ்) பக்கம் நகர்ந்துவிடும். பழவேற்காட்டில் படகுக்குக் காசு கொடுத்து, பூநாரைக் கூட்டம் எழும்பும் நேரத்தில் நாற்பது படம் எடுத்தேன். நாற்பதும் மங்கல். பொத்தானைப் பார்த்தது கரைக்கு வந்த பிறகுதான்.

2. ஃபோகஸ் முறை. தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் முறையில் இருக்கிறதா? நிக்கான், சோனியில் ஏஎஃப்-சி, கேனானில் செர்வோ. ஒருமுறை பிடித்துப் பூட்டும் முறையில் இருந்தால் பறவை நகர்ந்துவிடும், ஃபோகஸ் அங்கேயே நிற்கும்.

3. ஃபோகஸ் பரப்பு. வெறும் வானத்தில் பெரிய பரப்பு நல்லது, பறவை எங்கே போனாலும் பிடிக்கும். பின்னால் மரமோ தண்ணீரின் மினுமினுப்போ வந்துவிட்டால் அதே பெரிய பரப்பு பகையாகிவிடும், ஏனென்றால் அங்கே பறவையைவிடக் கோடுகளும் மாறுபாடும் அதிகம். சிறிய குழுவுக்கு மாறுங்கள்: டிஎஸ்எல்ஆரில் (கண்ணாடி உள்ள கேமரா) 9 புள்ளி அல்லது குரூப், மிரர்லெஸ்ஸில் சிறிய ஸோன். இரண்டையும் இரண்டு பட்டன்களில் வைத்துக்கொண்டால் பறவை மரத்தருகே வரும்போது விரலை மட்டும் மாற்றலாம்.

4. பறவையைக் கண்டறியும் வசதி. புதிய மிரர்லெஸ்கள் பலவற்றில் விலங்கு, பறவை என்று தனித்தனியாக இருக்கும். போன வாரம் மனிதர்களைப் படம் எடுத்தீர்கள் என்றால் இன்னும் 'மனிதர்' என்றே இருக்கலாம்.

5. பின்னணியில் ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்கிறதா? மிரர்லெஸ்ஸில் இது அடிக்கடி நடக்கும். பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பயனில்லை. காலடிக்குச் சற்றுத் தள்ளி உள்ள புல்லை ஒருமுறை ஃபோகஸ் செய்துவிட்டு மறுபடி பறவைக்கு வாருங்கள். அல்லது ஃபோகஸ் வளையத்தைக் கையால் கிட்டத்துக்குத் திருப்பிவிட்டுப் பட்டனை அழுத்துங்கள். கிட்டத்திலிருந்து தூரத்துக்குத் தேடும்போது முதலில் பறவை அகப்படும், பின்னணி அதற்கப்புறம்தான்.

6. தூரக் கட்டுப்பாட்டுப் பொத்தான். நிக்கான் 200-500இல் 6 மீட்டருக்கு அப்பால், சிக்மா 150-600இல் 10 மீட்டருக்கு அப்பால் மட்டும் தேடும்படி வைக்கலாம். லென்ஸ் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஓடித் திரும்பும் வீண் ஓட்டம் குறையும். இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. பக்கத்தில் வந்து உட்கார்ந்த மீன்கொத்தியைப் பிடிக்கவே இல்லை என்றால் காரணம் இதே பொத்தான்தான்.

இந்த ஆறிலும் தீராத 'பின்னணி கூர்மை' மிக அரிது. உட்கார்ந்திருக்கும் பறவையிலும் இதேபோல் பின்னால் விழுகிறது என்றால் மட்டும் கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

## முதல் இரண்டு படம் சரி, அப்புறம் நழுவிவிடுகிறது

பேக் பட்டன் ஃபோகஸ் (பின்பக்கப் பட்டனைக் கட்டைவிரலால் அழுத்தி ஃபோகஸ் செய்வது) வைத்திருப்பவர் என்றால் முதலில் உங்கள் கட்டைவிரலைச் சந்தேகப்படுங்கள். ஷட்டரை அழுத்தும் பரபரப்பில் கட்டைவிரல் லேசாக எழும்பிவிடும். ஃபோகஸ் அத்தோடு நின்றுவிடும், கேமரா மட்டும் படபடவென்று எடுத்துக்கொண்டே இருக்கும்.

விரல் சரி என்றால் முன்னுரிமை அமைப்பைப் பாருங்கள். நிக்கானில் கஸ்டம் மெனுவின் ஏ1, மற்றவற்றில் வேறு பெயர்களில் இருக்கும். 'ரிலீஸ்' என்று இருந்தால் ஃபோகஸ் இருக்கிறதோ இல்லையோ படம் விழும். 'ஃபோகஸ்' என்று இருந்தால் வேகம் சற்றுக் குறையும், ஆனால் குப்பையும் குறையும். கற்றுக்கொள்ளும் காலத்தில் இரண்டாவதுதான் நல்லது என்பது என் கட்சி. ரிலீஸில் வைத்துக்கொண்டு 800 படம் எடுத்து வந்து 780ஐ அழிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பறவைக்கும் உங்களுக்கும் இடையில் கிளை குறுக்கிடும் நேரத்தில் மட்டும் நழுவுகிறதா? பின்தொடரும் உணர்திறனைக் குறையுங்கள். கேனானில் 'லாக்டு ஆன்' பக்கம், நிக்கானில் லாக்-ஆன் தாமதத்தைக் கூட்டும் பக்கம். கேமரா சட்டென்று கிளைக்குத் தாவாமல் ஒரு கணம் பொறுக்கும். தகைவிலான் போல எந்தத் திசைக்குத் திரும்பும் என்றே சொல்ல முடியாத பறவைக்கு இதே அமைப்பு இடைஞ்சல்.

டெலிகன்வெர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி இன்னும் பெரிதாகக் காட்டுவது) மாட்டியிருக்கிறீர்களா? 1.4எக்ஸ் ஒரு ஸ்டாப், 2எக்ஸ் இரண்டு ஸ்டாப் ஒளியைத் தின்னும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்). எஃப் எண் கூடக்கூட உள்ளே வரும் ஒளி குறையும்; எஃப் 6.3 லென்ஸ் 1.4எக்ஸ் போட்டால் எஃப் 9 ஆகிவிடும். பல டிஎஸ்எல்ஆர்கள் அந்த இருட்டில் ஃபோகஸ் செய்யவே தடுமாறும். கழற்றிவிட்டுப் பாருங்கள்.

## உடல் தெளிவு, தலை மங்கல்

சங்குவளை நாரை பக்கவாட்டில் பறக்கும்போது கிட்டத்துச் சிறகின் நுனியில் ஃபோகஸ் விழுந்துவிடும். 600 மி.மீ., எஃப் 6.3, 20 மீட்டர் தூரம். இந்தக் கணக்கில் கூர்மையாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய ஒரு முழம்தான். கூழைக்கடாவின் இரண்டு சிறகு நுனிக்கும் இடையே இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கும். எல்லாம் கூர்மையாக வராது, ஆசைப்படவும் வேண்டாம். கண் கூர்மையாக இருந்தால் சிறகு நுனி மங்கினாலும் படம் நிற்கும்.

லென்ஸின் துளையை எஃப் 8க்கு மூடிப் பாருங்கள். புள்ளியைப் பறவையின் மார்பில் வைக்காமல் தலைக்கும் கழுத்துக்கும் நகர்த்துங்கள். கண்ணைக் கண்டறியும் வசதி இருந்தால் இங்கேதான் அதன் முழுப் பயன்.

## எதுவுமே கூர்மை இல்லை, இழுத்துவிட்டது போல

ஷட்டர் வேகத்தைப் பாருங்கள். நான் ஆரம்பிக்கும் எண்கள் இவை: கூழைக்கடா, சங்குவளை நாரை, பூநாரை போன்ற பெரிய, நிதானமான பறவைகளுக்கு 1/1250 நொடி. கொக்கு, செம்பருந்து, நீர்க்காகத்துக்கு 1/2000. ஆலா, கிளி, மீன்கொத்திக்கு 1/3200. தகைவிலான், உழவாரனுக்கு 1/4000, அதோடு ஒரு பிரார்த்தனையும்.

'அவ்வளவு வைத்தால் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 3200க்குப் போகிறதே' என்பார்கள். போகட்டும். புள்ளி புள்ளியாக இருக்கும் படத்தைப் பிறகு மென்பொருளில் சுத்தம் செய்யலாம், இழுபட்ட படத்தை ஒன்றும் செய்ய முடியாது. வேடந்தாங்கலில் மாலை ஐந்தரைக்கு மேல் கூடு திரும்பும் பறவைகளை எடுக்கும்போது எனக்கும் மனசு ஐஎஸ்ஓவைக் குறைக்கத்தான் சொல்லும்.

வேகம் போதுமானதாக இருந்தும் இழுபட்டதா? லென்ஸின் அதிர்வுத் தடுப்பைப் பாருங்கள். சாதாரண நிலையில் அது நீங்கள் பறவையோடு திரும்புவதையே அதிர்வு என்று நினைத்து எதிர்த்துத் தள்ளும். மோடு 2 அல்லது நிக்கானில் ஸ்போர்ட் நிலைக்கு மாற்றுங்கள். பழைய லென்ஸ் என்றால் முழுவதும் அணைத்துவிட்டு அதே பறவையை இன்னொருமுறை எடுத்து ஒப்பிடுங்கள்.

அணைத்ததும் படம் நன்றாகிவிடுகிறது, போட்டதும் உட்கார்ந்த பறவைகூட வியூஃபைண்டரில் குதிக்கிறது என்றால் உள்ளே உள்ள அதிர்வுத் தடுப்புப் பகுதி போய்விட்டது. இது நாம் கைவைக்கும் வேலை இல்லை. சர்வீஸ்.

## ஓரங்கள் நெளிகின்றன, ஒவ்வொரு படமும் ஒவ்வொரு மாதிரி

கானல். சதுப்பு, உப்பளம், தார்ச்சாலை, இவற்றின் மேலே எடுத்தால் காலை ஒன்பது மணிக்கே ஆரம்பித்துவிடும். விலை உயர்ந்த லென்ஸ் இருந்தால் நெளிவை இன்னும் தெளிவாகக் காட்டும், அவ்வளவுதான்.

சோதனை சுலபம். பறவை நிற்கும் தூரத்தில் அசையாத கம்பம் ஒன்றைப் பத்துப் படம் எடுங்கள். பத்தும் பத்து விதமாக இருந்தால் கானல். பத்தும் ஒரே மாதிரி மங்கல் என்றால் கேமரா அல்லது லென்ஸ்.

கானலுக்கு எந்த அமைப்பும் மருந்து இல்லை. சீக்கிரம் போங்கள், கிட்டத்தில் வரும் பறவைக்குக் காத்திருங்கள், கரையோரம் உயரமான இடம் இருந்தால் அங்கே நில்லுங்கள். காரில் ஏசி போட்டுக்கொண்டு கண்ணாடியை இறக்கி எடுத்தால் நீங்களே ஜன்னலில் ஒரு கானலை உண்டாக்குகிறீர்கள். ஏசியை அணைத்துச் சில நிமிடம் விடுங்கள்.

இதற்கு ஒரு தம்பி உண்டு: முதல் அரைமணி மட்டும் எல்லாம் பனிமூட்டமாக இருக்கும், அப்புறம் தானே சரியாகிவிடும். ராத்திரி ஏசி அறையில் இருந்த லென்ஸில் சென்னைக் காற்றின் ஈரம் படிந்திருக்கிறது. முந்தைய இரவே பையை ஹாலில் வையுங்கள். துணியால் திரும்பத் திரும்பத் துடைக்க வேண்டாம்.

## கொக்கு வெள்ளைத்தாள், பருந்து கரித்துண்டு

இரண்டும் ஒரே தப்பின் இரண்டு முகம். கேமரா பின்னணியைப் பார்த்து ஒளியைக் கணக்கிடுகிறது. இருண்ட மரத்துக்கு முன்னால் கொக்கு பறந்தால் அது வெளுத்துவிடும், வெளிறிய வானத்தில் கரும்பருந்து கறுத்துவிடும்.

வெயில் நிலையாக இருக்கும் நாளில் எல்லாவற்றையும் கையால் பூட்டிவிடுங்கள். நல்ல வெயிலில் வெள்ளைப் பறவைக்கு எஃப் 8, 1/2500, ஐஎஸ்ஓ 400 என்று ஆரம்பித்து, ஒரு படம் எடுத்து, வெளுத்த இடம் கேமராவின் திரையில் மினுக்குகிறதா என்று பாருங்கள். மினுக்கினால் ஒளியை ஒரு படி குறையுங்கள். அதற்கப்புறம் கொக்கு மரத்துக்கு முன்னால் போனாலும் வானத்துக்குப் போனாலும் ஒளி மாறாது, ஏனென்றால் கொக்கின் மேல் விழும் வெயில் மாறவில்லை.

மேகம் வந்து வந்து போகும் நாளில் ஆட்டோ ஐஎஸ்ஓ. கேமரா கணக்கிட்ட ஒளியைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனில் வானத்துப் பருந்துக்கு +1இலிருந்து +1.7 வரை, மரத்துக்கு முன் கொக்குக்கு −1. அதற்கான சக்கரம் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

## நல்ல நேரத்தில் கேமரா நின்றுவிடுகிறது

பஃபர் (கார்டில் எழுதும்வரை படங்கள் தங்கும் தற்காலிக இடம்) நிறைந்துவிட்டது. மூச்சு விடாமல் அழுத்தாமல் சின்னச் சின்னத் தொடராக எடுங்கள். ரா (கேமரா பதப்படுத்தாத கோப்பு) எடுப்பவர் என்றால், இழப்பில்லாமல் சுருக்கும் ரா வகை இருந்தால் அதற்கு மாறுங்கள். அதன் பிறகே கார்டு: வி60 என்றால் நொடிக்குக் குறைந்தது 60 எம்பி, வி90 என்றால் 90 எழுதும். வாங்கும் முன் உங்கள் கேமரா பாடி யுஎச்எஸ்-2 (வேகமான கார்டு இணைப்பு) ஏற்குமா என்று பாருங்கள். ஏற்காத பாடியில் விலை உயர்ந்த கார்டு போட்டால் பணம்தான் போகும்.

## சிறகு ரப்பர் போல வளைந்திருக்கிறது

எலக்ட்ரானிக் ஷட்டர். அது சென்சாரை வரிவரியாகப் படித்து முடிப்பதற்குள் சிறகு நகர்ந்துவிடும். மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள், முடிந்தது. மிக வேகமாகப் படிக்கும் சென்சார் உள்ள விலை உயர்ந்த பாடிகளில் மட்டும் இந்தத் தொல்லை இராது.

## எல்லாம் கூர்மை, ஆனால் வால்தான் கிடைக்கிறது

கேமராவில் தேடாதீர்கள். பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். சென்னைக் கரையோரத்தில் பிற்பகலில் கடல்காற்று கிழக்கிலிருந்து வருகிறது, வெயில் மேற்கிலிருந்து. வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றால் இறங்கும் பறவையெல்லாம் உங்களுக்கு முதுகு காட்டும். மார்கழி, தையில் வாடை வடகிழக்கிலிருந்து வீசும் காலைகள் தேவலை: வெயிலும் காற்றும் ஏறத்தாழ ஒரே பக்கம், பறவை முகம் காட்டி வரும். நான் போவதற்கு முன் வானிலையில் மழையைவிடக் காற்றின் திசையைத்தான் பார்க்கிறேன்.

## உட்கார்ந்திருக்கும் பறவையும் மங்கல்தான்

இப்போதுதான் லென்ஸைச் சந்தேகப்படலாம். இந்த வரிசையில் போங்கள்.

முன்னால் மாட்டியிருக்கும் யுவி ஃபில்டரைக் கழற்றுங்கள். சர்வீஸுக்குப் போய்த் திரும்பிய என் லென்ஸின் கதை இதுதான். கடைக்காரர் 'பாதுகாப்புக்கு' என்று மாட்டிக்கொடுத்த மலிவான ஃபில்டர். நான் ஃபில்டரை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு லென்ஸை அனுப்பினேன். அவர்களுக்கு எப்படிப் பழுது தெரியும்? நீண்ட லென்ஸில் சுமாரான கண்ணாடி முதலில் கூர்மையைத்தான் கெடுக்கும், மங்கிய கிளைகள் இரட்டைக் கோடாகத் தெரியும்.

இணைப்புத் தகடுகள். லென்ஸைக் கழற்றி, பொன்னிறத் தொடுமுனைகளை உலர்ந்த மென்துணியால் துடையுங்கள். ஃபோகஸ் இடையிடையே செத்துப்போவது இதனாலும் இருக்கலாம்.

ட்ரைபாட் சோதனை. அச்செழுத்து உள்ள அட்டைப்பெட்டி ஒன்றை 15 மீட்டர் தள்ளி நிழலில் வையுங்கள். அதிர்வுத் தடுப்பை அணைத்து, டைமரில் எடுங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால் ஐந்து படம் வியூஃபைண்டர் வழியாகவும் ஐந்து படம் லைவ் வியூவிலும் (பின்திரையைப் பார்த்து).

லைவ் வியூ கூர்மை, வியூஃபைண்டர் மங்கலா? பாடியும் லென்ஸும் ஒத்துப்போகவில்லை. மெனுவில் உள்ள ஏஎஃப் நுண்சீரமைப்பை −20இலிருந்து +20க்குள் நகர்த்தி நீங்களே சரிசெய்யலாம். 15ஐத் தாண்டினால்தான் தீர்கிறது என்றால் சர்வீஸில் கொடுங்கள்.

இரண்டும் மங்கலா? அல்லது மிரர்லெஸ்ஸில் பத்தும் மங்கலா? ஒரு செங்கல் சுவரை நேராக நின்று எடுங்கள். ஒரு பக்கம் கூர்மை, எதிர்ப்பக்கம் கலங்கல் என்றால் உள்ளே ஒரு கண்ணாடி நகர்ந்திருக்கிறது. கீழே விழுந்த லென்ஸ்களுக்கு இது வரும்.

டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை போல இழைகள் தெரிந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் பையிலேயே மூடி வைத்த லென்ஸுக்கு இது வருவது அதிசயமில்லை. தூசி நாலைந்து இருந்தால் விட்டுவிடுங்கள், படத்தில் தெரியாது.

கண்ணாடி நகர்ந்தது, பூஞ்சை, ஃபோகஸ் மோட்டார் கரகரப்பது, ஜூம் வளையம் நடுவில் இறுகுவது, கேமரா பிழைச் செய்தி காட்டுவது: இந்த ஐந்துக்கும் வீட்டில் ஸ்க்ரூடிரைவர் எடுக்காதீர்கள், யூடியூப் எவ்வளவு ஆசை காட்டினாலும் சரி.

கொடுக்கும்போது லென்ஸை மட்டும் கொடுக்காமல் பாடியையும் சேர்த்துக் கொடுங்கள், ஃபில்டர் இருந்தால் அதோடே. 'சரியாக எடுக்கவில்லை' என்று எழுதாமல், '600இல் வலதுபக்கம் மட்டும் மங்கல்' என்று எழுதுங்கள். ட்ரைபாடில் எடுத்த பத்துப் படத்தையும் பென்டிரைவில் போட்டு, செலவு மதிப்பீட்டைச் சொன்ன பிறகே பிரிக்க வேண்டும் என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.